கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராவது எப்படி: ரான்டேவூ (முன்பதிவு) நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் வழிகாட்டி

கொலோனோஸ்கோப்பி என்பது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. அதற்குப் போய், குடல் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் முந்தைய நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள்தான். பட்டினி கிடந்தால் இரைப்பை காலியாகும், பெருங்குடல் சுத்தமாகாது. இரண்டு நாள் முன்பு குடித்த ஆலுடா என்ற பால்பானத்தின் சப்ஜா விதையும் ‘தோல் பூரி’ என்ற ரொட்டிக்குள் இருந்த பருப்புத் தூளும் அங்கே மடிப்புகளில் தங்கியிருக்கும்.

கொலோனோஸ்கோப்பிக் கருவியின் உறிஞ்சு குழாய் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம் உள்ளது. தண்ணீரை அது எளிதாக இழுத்துவிடும். ஊறிய விதை, தக்காளித் தோல், கீரை நார் வந்தால் அடைத்துக்கொள்ளும். பிறகு மருத்துவர் அடைப்பு எடுப்பதிலேயே நேரத்தைச் செலவழிப்பார். சுவரில் தட்டையாக ஒட்டியிருக்கும் சிறு கட்டி அதற்கிடையில் கண்ணில் படாமலே போகலாம்.

இது மொரீஷியஸ் வீட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதியது. மருத்துவமனை கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள். அங்கே தரும் மருந்துக்கு ஏற்றபடிதான் அதை எழுதியிருப்பார்கள்.

1. நேரத்தை எழுதிப் பின்னோக்கி எண்ணுங்கள்

ரான்டேவூ அட்டையில் இருப்பது வந்து சேர வேண்டிய நேரமா, பரிசோதனை தொடங்கும் நேரமா என்று முதலில் கேளுங்கள். பலரை ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி வரிசையாக அழைக்கும் இடங்களில், முதல் ஆள் நீங்கள்தான் என்று வைத்துக் கணக்கிடுங்கள். வேலை அனைத்தும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் ஓடுகிறது.

காலை 10 மணிக்குப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. பேதி மருந்தின் இரண்டாம் பாதி அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடியும். முதல் பாதி முந்தைய மாலை 6 மணிக்கு. அந்த நாள் முழுவதும் தெளிந்த நீர் மட்டும். அதற்கு முன் இரண்டு நாள் நார்ச்சத்து குறைந்த சாப்பாடு. ஏழு நாள் முன்பு இரும்புச்சத்து மாத்திரையும் இசப்கோல் நார்ப்பொடியும் நிற்கும். பதினான்கு நாள் முன்பு மருத்துவரிடம் மருந்துப் பட்டியல். இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்; அன்று உங்களைவிட வீட்டில் சமைப்பவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

தேதி தேர்ந்தெடுக்க முடிந்தால் தைப்பூசக் காவடியையும் புரட்டாசி விரதத்தையும் ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். விரதச் சாப்பாடு முழுக்கப் பருப்பும் கீரையும் காயும்தான். வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்ட மறுநாளே தயாரிப்பைத் தொடங்குகிறவர் குடலில் பலாக்காய் நாரோடுதான் தொடங்குகிறார்.

நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். மருந்தைக் கலக்குமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிடுங்கள். மூன்றாம் நிலை எச்சரிக்கை வரும்போல் இருந்தால் மருத்துவமனையை அழைத்து, நாளை பரிசோதனை உண்டா என்று உறுதிசெய்த பிறகே பொட்டலத்தைப் பிரியுங்கள். பேதி போய் முடிந்த பிறகு தேதி தள்ளிப்போனால் முழுவதையும் மறுபடி குடிக்க வேண்டியதுதான்.

2. மருந்துப் பட்டியல்: பதினான்கு நாள் முன்பு

இதைக் கடைசி நாளுக்கு விடுகிறவர்கள்தான் அதிகம். சில மருந்துகளை ஐந்து, ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சிலவற்றை நிறுத்துவதே ஆபத்து. ஆகவே எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெயரைச் சொல்லத் தடுமாற வேண்டாம்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைப் பற்றி முதலில் கேளுங்கள். பரிசோதனையின்போதே கட்டி வெட்டப்படலாம் என்பதால் இந்தக் கேள்வி. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். வார்ஃபரின் என்றால் வழக்கமாக 5 நாள், குளோபிடோக்ரெல் என்றால் 5 முதல் 7 நாள், ரிவரோக்ஸபன், அபிக்ஸபன் போன்றவை என்றால் 2, 3 நாள் முன்பு நிறுத்தச் சொல்லலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகாதவர், செயற்கை வால்வு உள்ளவர் ஆகியோருக்கு இதய மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது, கட்டி வெட்டிய இடத்தில் இரத்தம் கசிவதைவிடப் பெரிய ஆபத்து.

இந்தத் தீவில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு என்பதால் அடுத்தது அதுதான். தெளிந்த நீர் மட்டும் குடிக்கும் நாளில் கிளிக்ளசைடு போன்ற மாத்திரையை வழக்கம்போல் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற ‘ஃப்ளோசின்’ வகையை வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். பட்டினியோடு இந்த மருந்து சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும். சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினை எத்தனை யூனிட் குறைப்பது என்று எண்ணாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ‘கொஞ்சம் குறைச்சுப் போடுங்க’ என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரில் பசைபோல் ஒட்ட வைக்கும். இசப்கோல், ஆளிவிதை ஆகியவை தண்ணீரில் ஊதி நார்க்கூழாகும். இவையெல்லாம் ஒரு வாரம் முன்பே நிற்கட்டும். ‘மருந்துதானே, மலச்சிக்கலுக்கு நல்லதுதானே’ என்று முந்தைய இரவு இசப்கோல் குடிப்பவர்கள் உண்டு, விளைவு நேர்மாறானது.

இரத்தக் கொதிப்பு மாத்திரையை அன்று காலை ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம் என்பது பொதுவான வழக்கம். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் வகையைப் பற்றித் தனியே கேளுங்கள். பேதியோடு சேர்ந்து உடலை வற்ற வைக்கும். வலிப்பு மருந்து போன்ற தவற விடக் கூடாதவற்றைப் பேதி மருந்து தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பாகவே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உடலில் சேராமலே அடித்துக்கொண்டு போய்விடும்.

சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, பேஸ்மேக்கர், முன்பு செய்த வயிற்று அறுவை ஆகியவற்றையும் சொல்லுங்கள். எந்தப் பேதி மருந்து கொடுப்பது, கட்டியை வெட்ட மின்சாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்தே முடிவாகும். சோடியம் பாஸ்பேட் குடிமருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மக்னீசியம் கலந்தவை சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஆகாது.

3. வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை

எழுதிக் கொடுத்த மருந்து முழு அளவில் வேண்டும். ஒரு பொட்டலம் குறைந்தாலும் தொடங்காதீர்கள். ஒரு லிட்டர் அளவுக் குடுவை, 250 மில்லி பிடிக்கும் தம்ளர், உறிஞ்சுகுழல், எலுமிச்சை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மெல்லிய வடிகட்டும் துணி, வாசலின். நீரிழிவுக்காரர் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டைகளை எண்ணி வைத்துக்கொள்ளட்டும்.

குழாய்த் தண்ணீர் நேரம் வைத்து வரும் ஊர் என்றால், வறட்சி மாதங்களில் கழிப்பறைக்கென்றே இரண்டு வாளி பிடித்து வையுங்கள். பத்துப் பதினைந்து தடவை போக வேண்டியிருக்கும்.

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு தனியாக அனுப்பமாட்டார்கள். துணை இல்லை என்பதற்காகவே பரிசோதனை ரத்தாவதும் உண்டு.

4. நார் குறைந்த சாப்பாடு: இரண்டு நாள்

முந்தைய ஒரு நாள் மட்டும் கட்டுப்பாடு போதும் என்று சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. மலச்சிக்கல் உள்ளவர், நீரிழிவு நெடுநாளாக உள்ளவர், தினமும் கீரையும் பருப்பும் சாப்பிடுகிறவர் இரண்டு மூன்று நாள் கட்டுப்பாடாக இருப்பதே நல்லது. இவர்களுக்குக் குடல் மெதுவாக நகரும்.

‘லேசான சாப்பாடு’ என்று தாளில் எழுதியிருப்பதைப் பலரும் காய்கறி, பழம் என்றே புரிந்துகொள்கிறார்கள். இந்த ஒரு தவறுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். வழக்கமாக உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த இரண்டு நாளும் ஆகாதவை. வெள்ளை அரிசி நல்லது, தவிட்டோடு கூடிய அரிசி ஆகாது. வெள்ளை ரொட்டி நல்லது, முழுக்கோதுமை ரொட்டி ஆகாது.

விதைகளில்தான் அதிகம் ஏமாறுவீர்கள். ஆலுடாவில் சப்ஜா. விண்டாயே என்ற காரக் குழம்பில் கடுகு. சட்டினியில் மிளகாய் விதை. ரூகாய் என்ற தக்காளிக் கறியில் தக்காளியின் தோலும் விதையும். கொய்யா, பேஷன் பழம், வெள்ளரி என்று பட்டியல் நீளும். விதை செரிப்பதில்லை, உள்ளே போன உருவத்திலேயே கருவியின் வாயில் வந்து நிற்கும். தாளிப்பில் போட்ட கடுகும் கறிவேப்பிலையும் இதில் சேரும். வாயில் எடுத்து ஒதுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், தாளிக்காமலே சமையுங்கள்.

தோல் பூரி, காட்டோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை), பருப்பு, பயறு, அவரை, கொண்டைக்கடலை எதுவும் வேண்டாம். முருங்கைக்கீரை உட்பட எந்தப் பிரேடும், அதாவது எந்தக் கீரையும், வேண்டாம். கீரையின் நார் சுவரில் பச்சைப் படலமாகப் படியும். ஆச்சார் (காய்கறி ஊறுகாய்), தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, அன்னாசி, பலா, மக்காச்சோளம் தள்ளி நிற்கட்டும்.

அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது? தாளிக்காத தயிர்சாதம்தான் முதல் தேர்வு. குடலில் அது ஏறக்குறைய எதையும் விட்டுவைக்காது. வெள்ளைச் சோற்றோடு தோல் சீவி விதை எடுத்து நன்றாக வேகவைத்த ஷூஷூ (சௌசௌ), தோல் சீவிய உருளைக்கிழங்கு, தோல் சீவிய காரட். ரவை உப்புமா, காயும் கடுகும் இல்லாமல். மைதா ஃபராட்டா (தட்டை ரொட்டி), உள்ளே எதுவும் வைக்காமல். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேகவைத்த மீன், தோலில்லாக் கோழி, முட்டை. விரதத்தில் இருப்பவர் பனீரும் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். மசாலாவைப் பொடியாகப் போடலாம், முழுதாகப் போட வேண்டாம்.

5. முந்தைய நாள்: தெளிந்த நீர்

தம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிய வேண்டும். தெரிந்தால் தெளிந்த நீர், தெரியாவிட்டால் சாப்பாடு. கறுப்புக் காப்பியையும் சிவப்பு, ஊதா நிறப் பானங்களையும் தவிர மற்றவற்றுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

தண்ணீர், பால் விடாத வனிலாத் தேநீர், கறுப்புக் காப்பி, வடிகட்டிய எலுமிச்சைச் சர்பத், தெளிந்த ஆப்பிள் சாறு, துணியில் வடித்த கோழிச் சாறு, வழுக்கை இல்லாத இளநீர் ஆகியவை தேறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இளநீர் வேண்டாம், பொட்டாசியம் அதிகம். ரசம் குடித்தே ஆக வேண்டும் என்றால் தக்காளியும் புளியும் இல்லாமல் மிளகும் சீரகமும் தட்டிக் கொதிக்கவைத்துத் துணியில் இரண்டு முறை வடித்துக் குடியுங்கள். பசி அடங்க அதைவிட நல்லது இல்லை.

அரிசிக் கஞ்சி தெளிந்த நீர் அல்ல. மோரும் அல்ல. பால் விட்ட தேநீர் ஒரு மிடறாக இருந்தாலும் அல்ல.

சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது. குடலில் அவை இரத்தம் போலவே தெரியும்.

நீரிழிவு உள்ளவர் இந்த நாளில் சர்க்கரை இல்லாத பானமாகவே தேடிக் குடிப்பது தவறு. சாப்பாடு இல்லாதபோது சர்க்கரை சேர்ந்த தெளிந்த பானம்தான் உங்களைக் காக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் ஆப்பிள் சாறு 150 மில்லி குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பரிசோதனை கெட்டுவிடும் என்று பயந்து தாமதிக்காதீர்கள். தெளிந்த சாறு எதையும் கெடுக்காது.

6. பேதி மருந்து: கலப்பதும் குடிப்பதும்

அதிகம் தரப்படுவது மேக்ரோகோல் தூள். இது குடலில் உறிஞ்சப்படாமல், கூடவே குடித்த தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொண்டு கழுவிச் செல்லும். அளவு மருந்துக்கு மருந்து மாறும்: சிலவற்றில் மொத்தம் 4 லிட்டர், சிலவற்றில் 2 லிட்டரும் அதன்மேல் 1 லிட்டர் தண்ணீரும். பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரைச் சரியாக அளந்து கலக்குங்கள். ‘சீக்கிரம் முடிச்சிடலாம்’ என்று பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கினால் குமட்டும், கழுவுவதும் குறையும்.

முதல் வேலை மருந்தைக் குளிர வைப்பது. மதியமே கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்புச் சுவை பாதி குறையும். ஐஸ் போட்டுக் குடிக்காதீர்கள், உடல் நடுங்கத் தொடங்கும்.

4 லிட்டர் வகை என்றால் மாலையில் 2 லிட்டர். 15 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், எட்டுத் தம்ளர், இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தம்ளரையும் ஒரே மூச்சில் குடியுங்கள். நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சப்புகிறவர்களுக்குக் குடலில் வெள்ளம்போல் ஓட்டம் உண்டாவதில்லை. அந்த ஓட்டம்தான் கழுவுகிறது. உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தால் சுவை குறைவாகத் தெரியும். இடையில் எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம்.

மருந்துக்குள் சர்க்கரையோ சிரப்போ கலக்காதீர்கள். குடல் பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைத்து எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். கட்டியை மின்சாரக் கம்பியால் வெட்டும்போது தீப்பொறி வரும் இடம் அது.

பிகோசல்ஃபேட் வகை அளவில் சிறியது: ஒரு பொட்டலம், ஒரு கோப்பைத் தண்ணீர். கலக்கும்போது தானாகச் சூடாகும், அது இயல்பு, ஆறவைத்துக் குடியுங்கள். இதில் ஏமாறும் இடம் வேறு. மருந்து சிறியது என்பதால் பின்னால் குடிக்க வேண்டிய ஐந்தாறு தம்ளர் தெளிந்த நீரை விட்டுவிடுகிறார்கள். கழுவுவது அந்தத் தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் உடலின் நீரே இழுக்கப்படும். தலைசுற்றி விழுவது இவர்கள்தான்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருங்கள். வாந்தி வந்தால் 30 நிமிடம் நிறுத்தி, பிறகு இடைவெளியைக் கூட்டித் தொடருங்கள். வயிறு வீங்கிக் கடுமையாக வலித்து மலமும் வாயுவும் போகாமல் இருந்தால் மேலே குடிக்காதீர்கள், உடனே மருத்துவமனையை அழையுங்கள். குடல் அடைப்பாக இருக்கலாம். நெஞ்சுவலி, மயங்கி விழுதல் என்றால் அவசர ஆம்புலன்ஸ் சேவையான சாமுவுக்கு 114.

ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து வாசலின் தடவுங்கள். முதல் தடவை போகும் முன்பே தடவிவிட்டால் இன்னும் நல்லது.

7. இரண்டாம் பாதியை ஏன் விடக் கூடாது

இரவு 10 மணிக்கே தண்ணீராகப் போகத் தொடங்கிவிடும். ‘சுத்தமாயிடுச்சு, காலையில் எதுக்கு?’ என்று தூங்கிவிடுகிறவர்கள் நிறைய. தூங்கும் நேரத்தில் சிறுகுடலிலிருந்து பித்தநீர் கலந்த கசடு இறங்கி, பெருங்குடலின் வலது பக்கத்தில் மஞ்சள் பூச்சாகப் படிகிறது. கண்ணுக்குத் தப்பும் தட்டைக் கட்டிகள் அதிகம் இருப்பதும் அந்த வலது பக்கம்தான். இரண்டாம் பாதி இந்தப் பூச்சைக் கழுவுவதற்கு.

தீவின் தென்பகுதியிலுள்ள சூய்யாக்கிலிருந்தோ மாபூரிலிருந்தோ போர்ட் லூயிஸுக்குக் காலை 8 மணிக்குப் போக வேண்டியவர் அதிகாலை 3 மணிக்கு எழ வேண்டும். அலாரம் இரண்டு வையுங்கள். குடித்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவசரம் அடங்கிவிடும். ஆனாலும் பேருந்தை நம்பாமல் கார் ஏற்பாடு செய்து, ஒரு துண்டும் மாற்று உடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவைக் கழிவின் நிறம் சொல்லும். பழுப்பும் துகளும் என்றால் போதாது. கலங்கிய ஆரஞ்சு என்றால் இன்னும் போதாது. சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சளாக, அடியில் எதுவும் தங்காமல் போனால் தயார். கடைசித் தம்ளருக்குப் பிறகும் பழுப்பாகவே இருந்தால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். எனிமா கொடுத்தோ மேலும் மருந்து கொடுத்தோ அன்றே சரிசெய்ய வழி இருக்கலாம்; உள்ளே போன பிறகு தெரிந்தால் வழி குறைவு.

8. புறப்படும் முன்

நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஆக்ஸிஜன் அளக்கும் கருவி விரலில்தான் மாட்டப்படும். கழற்றும் பற்கள், மூக்குத்தி, மோதிரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மின்சாரம் பயன்படுத்தும்போது உடலில் உலோகம் இருப்பதை விரும்பமாட்டார்கள். தாலியைக் கழற்றத் தயங்குகிறவர்கள் முந்தைய நாளே பொன்னைக் கழற்றி வைத்து, மஞ்சள் துண்டு கோத்த வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். அறை வாசலில் நின்று யோசிப்பதைவிட இது எளிது.

மருந்துப் பட்டியல், பழைய அறிக்கைகள், எதை எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பு ஆகியவை கையில் இருக்கட்டும்.

9. அறையில் நடப்பது

கையில் ஊசி போட்டு, இடது பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்க வைப்பார்கள். மயக்க மருந்து பல அளவில் உண்டு: அரைத்தூக்கம் முதல் முழுத்தூக்கம் வரை. எது என்று ஒப்புதல் கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள்.

கருவி 1.3 முதல் 1.7 மீட்டர் நீளமும் சுமார் 13 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வளையும் குழாய். நுனியில் கேமரா, விளக்கு, தண்ணீர் பீச்சும் துளை, உறிஞ்சவும் கருவி நுழைக்கவும் ஒரு துளை. கைப்பிடியில் இரண்டு சக்கரங்கள்: பெரியது நுனியை மேலும் கீழும், சிறியது இடமும் வலமும் திருப்பும்.

வயிறு உப்புவது, காற்றோ கார்பன் டை ஆக்சைடோ ஊதிக் குடலை விரிப்பதால். பிந்தையது விரைவில் உடலில் கரைந்துவிடும், பின்னால் வயிற்றுவலி குறைவு. வலி வருவது பெரும்பாலும் இடது கீழ்வயிற்றில், வளைந்த குடலில் குழாய் சுருண்டுகொள்ளும்போது. செவிலியர் வயிற்றை அழுத்துவதும் உங்களைத் திரும்பிப் படுக்கச் சொல்வதும் அந்தச் சுருளை எடுக்கத்தான். அப்போது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்காதீர்கள்.

உள்ளே போகும்போது அல்ல, வெளியே எடுக்கும்போதுதான் உண்மையான பார்வை. குடல்வால் துளையும் சிறுகுடல் வால்வும் தெரிந்தால் கடைசி வரை போனதாகக் கணக்கு. அதைப் படம் எடுத்துக்கொண்டு மெதுவாக இழுத்தபடி பார்ப்பார்கள். இழுக்கும் நேரம் குறைந்தது 6 நிமிடம் என்பது நெடுநாள் அளவுகோல்; இப்போது 8 என்கிறார்கள்.

10. பரிசோதனையே சிகிச்சையாகும் இடம்

சந்தேகமான இடத்தில் இடுக்கியால் சிறு துணுக்கு எடுப்பார்கள். குடலின் உட்புறத்துக்கு இழுபட்டால்தான் வலிக்கும், வெட்டினால் தெரியாது. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டியைக் கம்பி வளையத்தில் மாட்டி, மின்சாரம் இல்லாமலே அறுத்தெடுப்பது இப்போது வழக்கம். பெரிய தட்டைக் கட்டி என்றால் அடியில் நீலச் சாயம் கலந்த உப்புநீரை ஊசியால் ஏற்றி, கட்டியை மேலே தூக்கிய பிறகு மின்கம்பியால் அறுப்பார்கள். அந்த நீர்மெத்தை இல்லாவிட்டால் சூடு மெல்லிய குடற்சுவரைத் துளைத்துவிடும். சில சாயங்களால் மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பயம் வேண்டாம்.

இரத்தம் கசிந்தால் சிறு உலோகக் கிளிப் போடுவார்கள். போட்டார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சொல்ல வேண்டியிருக்கும்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். நினைவும் வேகமும் திரும்பியிருக்காது. நடந்தால் வாயு பிரியும். முதல் சாப்பாடு சோறும் தயிரும், காரம் மறுநாள்.

கட்டி எடுத்தவர்களுக்கு இரத்தப்போக்கு இரண்டு வாரம் வரைகூட வரலாம். துடைக்கும்போது ஒரு சொட்டு வருவது பெரிதல்ல. கட்டிகட்டியாகவோ திரும்பத் திரும்பவோ வந்தால், வயிறு கல்போல் இறுகி வலி கூடினால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். குடல் ஓட்டையாவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. நேர்ந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. பெரிய கட்டி எடுத்திருந்தால் விமானப் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

நிறுத்திய இரத்த மருந்தை மறுபடி எந்தத் தேதியில் தொடங்குவது என்று கேட்காமல் வெளியே வராதீர்கள். நிறுத்தியதை மறந்துபோய் வாரக்கணக்கில் மருந்தில்லாமல் இருந்துவிடுவதுதான் இதில் நிஜமான ஆபத்து.

அறிக்கையில் பாஸ்டன் அளவு என்று ஓர் எண் இருக்கும். குடலின் மூன்று பகுதிக்கும் 0 முதல் 3 வரை சுத்தத்துக்கு மதிப்பெண், மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியும் 2 வாங்கியிருக்க வேண்டும். ஒரு பகுதி 0 அல்லது 1 என்றால் ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவை நம்பிப் பத்து ஆண்டு சும்மா இருக்க முடியாது; ஓராண்டுக்குள் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

12. இரைப்பை மட்டும் பார்ப்பதென்றால்

வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் மேல்வழிப் பரிசோதனைக்குப் பேதி மருந்து வேண்டாம். சாப்பாடு 6 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு நிற்க வேண்டும். பால் விட்ட தேநீர் சாப்பாட்டுக் கணக்கில் வரும். இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபாக்டர் கிருமியைத் தேடுவதாக இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம், ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். மருந்தால் கிருமி ஒடுங்கி, இருந்தும் இல்லை என்று முடிவு வரும். காவடிக்கு நாக்கிலோ கன்னத்திலோ வேல் குத்தி இன்னும் ஆறவில்லை என்றால் முன்பே சொல்லுங்கள்; வாயில் பல்தாங்கி மாட்ட வேண்டும்.

குழாய் தொண்டையைக் கடக்கும்போது குமட்டும், மூச்சு அடைக்காது. எச்சிலை விழுங்காமல் கன்னத்தோரம் வழியவிட்டு மூக்கால் மெதுவாக மூச்சுவிடுங்கள். தொண்டையில் மரப்பு மருந்து அடித்திருந்தால் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காதீர்கள். பிறகு ஆறிய தண்ணீர் ஒரு மிடறு. புரையேறாமல் இறங்கினால் தேநீர், அதன்பின் சாப்பாடு.